ஏஐ எப்படி எழுதுதுன்னு கையால தொட்டுப் பாத்து புரிஞ்சுக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக?

ஏஐ டெக்ஸ்ட் எப்படி வருதுன்னு மத்தவங்களுக்கு சொல்லிக்குடுக்க நினைக்கிற டீச்சர்ங்க, டெமோ செய்யற டிசைனர்ங்க, கோட் எழுதறவங்க, சும்மா ஆர்வத்துல தெரிஞ்சுக்க நினைக்கிறவங்க எல்லாருக்கும்தான். பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும், அதுக்கு மேல கணக்கு வேண்டாம்.

நல்ல கட்டுரை ஒண்ணு படிச்சா போதாதா, எதுக்கு ஸ்லைடரும் பட்டனும் வச்ச டெமோ?

படிக்கலாம், தப்பில்ல. ஆனா படிச்சு முடிச்சதும் "அடுத்த வார்த்தையை கணிக்குதாம்"ங்கற ஒரு வரி மட்டும்தான் மனசுல தங்குது, அப்போ ஒரே கேள்விக்கு ரெண்டு தடவை ரெண்டு பதில் ஏன் வருதுன்னு கேட்டா அந்த ஒரு வரியை வச்சு பதில் சொல்ல முடியறதில்ல. சாட் ஸ்க்ரீன் வேற இதை இன்னும் குழப்புது, எழுத்து சரசரன்னு ஓடறதைப் பாத்தா உள்ள யாரோ ஏற்கனவே யோசிச்சு முடிச்சதை டைப் அடிக்கற மாதிரியே இருக்கு. உண்மையில ஒவ்வொரு துண்டு வர்றதுக்கு முன்னாடியும் ஒரு பெரிய பட்டியல் இருந்தது, அதுல ஒண்ணு தேர்வாச்சு, மீதியெல்லாம் காணாம போச்சு. அந்த காணாம போன பட்டியலை கண்ணு முன்னாடி கொண்டு வர்றதுதான் நம்ம வேலை.

இன்னொண்ணு, அசையற படம் போட்டா அது இன்டராக்டிவ் ஆயிடாது. பாக்கறவங்க முதல்ல தன்னோட ஊகத்தை சொல்லணும், சொன்னதுக்கு அப்புறம்தான் மெஷின் தன் கணக்கை காட்டணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வருது பாருங்க, அங்கதான் ஆளுக்கு புரிய ஆரம்பிக்குது. ஊகமே கேக்காம ஸ்லைடரை மட்டும் குடுத்தா ரெண்டு இழு இழுத்துட்டு போயிடுவாங்க.

சரி, முதல்ல எதைக் காட்டறது?

பாதி வாக்கியம் ஒண்ணு. "மழை பெய்ய" அப்படின்னு போட்டு நிறுத்துங்க, அடுத்து என்ன வரும்னு மூணு ஊகம் எழுதச் சொல்லுங்க. ஆரம்பிச்சுது, போகுது, வேணும்னு எழுதுவாங்க. அதுக்கப்புறம் மாடல் (டெக்ஸ்ட்டை எழுதற ஏஐ ப்ரோக்ராம்) எதுக்கு எவ்வளவு சதவீதம் குடுத்துதுன்னு பட்டை பட்டையா காட்டுங்க. அடுத்து வெறும் "அவன்"னு மட்டும் போட்டு அதையே பண்ணச் சொல்லுங்க, யாரோட ஊகமும் ஒத்துப்போகாது, மாடலோட பட்டையும் குட்டி குட்டியா சிதறிக் கிடக்கும். தமிழ்ல வினை கடைசில வர்றதால வாக்கியத்தோட ஆரம்பத்துல எல்லாமே திறந்து கிடக்குது, முடிவுக்கு வர வர சுருங்குது, பட்டைங்க இதை ரொம்ப அழகா காட்டிக்குடுக்கும்.

இந்த விளையாட்டு புதுசு இல்ல. கணித ஆய்வாளர் க்ளாட் ஷானன் 1951ல வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைல இதையேதான் பண்ணாரு, இங்கிலீஷ் வாக்கியத்தை மறைச்சு வச்சு ஒவ்வொரு எழுத்தா ஊகிக்க சொன்னாரு. அதுல ஒரு உதாரணத்துல 102 எழுத்துல (இடைவெளியும் சேத்துதான்) 79ஐ அந்த ஆள் முதல் ஊகத்துலயே சரியா சொல்லிட்டாங்க. மொழி தெரிஞ்ச எல்லாருக்குள்ளயும் இந்த கணிக்கிற திறமை ஏற்கனவே இருக்கு, நம்ம டெமோ அதைத் தொட்டு ஆரம்பிச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கம்ப்யூட்டரே இல்லாம செய்ய முடியுமா?

தாராளமா. என்னைக் கேட்டா முதல் வகுப்பை காகிதத்துலயே பண்றதுதான் நல்லது, ஏன்னா பேப்பர்ல எதையும் ஒளிச்சு வைக்க முடியாது.

ஒரு குட்டிக் கதை எடுத்துக்குங்க, ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சீட்டு, அந்த சீட்டுல அந்த வார்த்தைக்கு அடுத்து கதைல என்னென்ன வந்துதோ அதையெல்லாம் எழுதணும், ஒரே வார்த்தை மூணு தடவை வந்தா மூணு தடவையும் எழுதணும், சுருக்கக்கூடாது. அப்புறம் ஏதாவது ஒரு வார்த்தைல ஆரம்பிச்சு, அதோட சீட்டுலேர்ந்து கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுத்து, அதோட சீட்டுக்கு போயி, அங்கேர்ந்து இன்னொண்ணு எடுத்து, இப்படியே போனா வாக்கியம் மாதிரி ஒண்ணு வரும். பாதி உளறலா இருக்கும், ஆனா நடுவுல ரெண்டு மூணு இடம் நிஜ வாக்கியம் மாதிரியே வந்து நிக்கும், அப்ப எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்க.

இதுக்கு சீட்டு கூட வேண்டாம், ஒரு தடிமனான புத்தகம் இருந்தா போதும். ஏதோ ஒரு பக்கத்துல ஒரு வார்த்தையை எடுங்க, வேற பக்கத்தை திறந்து அந்த வார்த்தை வர்ற வரைக்கும் படிங்க, அதுக்கு அடுத்த வார்த்தையை எழுதிக்கிட்டு மறுபடி வேற பக்கம். இது ஷானனே 1948ல எழுதின வழி. அவருக்கும் முன்னாடி 1913ல ரஷ்யாவுல மார்கோவ்ங்கற கணித ஆய்வாளர், கவிஞர் புஷ்கினோட யூஜின் ஒனேகின் காவியத்துலேர்ந்து 20,000 எழுத்தை எடுத்து, உயிரெழுத்துக்கு அப்புறம் உயிர் எத்தனை தடவை மெய் எத்தனை தடவைன்னு கையாலயே எண்ணினாரு. எல்லாம் பென்சில் வேலைதான்.

இதோட அடுத்த படி இன்னும் முக்கியம், இதை தயவு செஞ்சு விட்டுடாதீங்க. ஒரு வார்த்தைக்கு பதிலா முந்தின ரெண்டு வார்த்தையை சேத்து பாத்து சீட்டு போடச் சொல்லுங்க. வாக்கியம் நல்லா வரும், ஆனா அது மூலக் கதையோட காப்பியா இருக்கும், ஏன்னா ஒரு பக்கத்துல எந்த ஜோடியும் ரெண்டாவது தடவை வர்றது அபூர்வம். அப்ப கேளுங்க, இதுக்கு எவ்வளவு பெரிய புத்தகம் வேணும்? மொழில வேற வேற 50,000 வார்த்தை இருந்தா வரக்கூடிய ஜோடி மட்டும் 250 கோடி, மூணு மூணா சேத்தா 125 லட்சம் கோடி. எண்ணி எண்ணி பட்டியல் போடற வழி இங்கயே முட்டி நிக்குது. இன்னைக்கு இருக்கற மாடல் இப்படி பட்டியல் வச்சிக்கறதில்ல, பாக்காத சேர்க்கைக்கும் ஒரு எண்ணைக் கணக்கு போட்டு சொல்லுது, அதுக்குத்தான் நியூரல் நெட்வொர்க், அதாவது உதாரணங்களைப் பாத்து தன் உள் எண்களை சரிசெஞ்சுக்கற கணக்கு முறை. ஏன் அது தேவைப்பட்டுதுன்னு சீட்டு போட்டு தோத்தவங்களுக்கு நல்லாவே புரியும்.

டோக்கன், டோக்கன்னு சொல்றாங்களே, அதை எப்படிக் காட்டறது?

டைப் பண்ற பெட்டி ஒண்ணு வைங்க, டைப் பண்ணப் பண்ண துண்டு துண்டா கலர் மாறணும், பக்கத்துல மொத்தம் எத்தனை துண்டுன்னு எண் ஓடணும், அவ்வளவுதான். மாடல் பாக்கறது வார்த்தையும் இல்ல எழுத்தும் இல்ல, இந்த துண்டுங்களோட எண்கள்தான், இந்த துண்டுக்குத்தான் டோக்கன்னு பேரு. ஓப்பன்ஏஐ கம்பெனியோட பழைய மாடல் ஜிபிடி-2கிட்ட மொத்தம் 50,257 துண்டு இருந்துது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பேசணும். கம்ப்யூட்டர் உள்ள எழுத்தை சேமிக்கற யூடிஎஃப்-8 முறைல தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட் ஆகுது. "அம்மா" நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, உள்ள அது அ, ம, புள்ளி, ம, கால் அப்படின்னு 5 குறி, ஆக 15 பைட். அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா 4 பைட்டுல முடிஞ்சுது. துண்டுங்களை உருவாக்கின டேட்டாவுல தமிழ் கம்மியா இருந்தா இந்த பைட்டுங்க ஒண்ணா சேராம உதிரியாவே கிடக்கும், ஒரு எழுத்தே நடுவுல உடையும். துண்டு கூடினா செலவு கூடும், நேரம் கூடும், மாடல் ஒரே நேரத்துல பாக்கக்கூடிய அளவும் சீக்கிரம் நிரம்பிடும். 2024ல ஜிபிடி-4ஓ வந்தப்ப ஓப்பன்ஏஐ காட்டின உதாரணத்துல ஒரே தமிழ் வாக்கியம் பழைய முறைல 116 டோக்கன், புது முறைல 35. மாடல் "நல்லா தமிழ் பேசுதா"ங்கறதுக்கு முன்னாடியே இப்படி ஒரு ஏற்றத்தாழ்வு இருக்குன்னு மக்களுக்கு தெரியணும், இதை ஸ்க்ரீன்ல பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினாலே போதும், யாரும் பேசி விளக்க வேண்டியதில்ல.

டிசைன் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: எழுத்து நடுவுல உடையும்போது ஸ்க்ரீன்ல கேள்விக்குறி போட்ட பெட்டி வரும், பாக்கறவங்க டெமோ கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. எழுத்தை முழுசா காட்டி அதுக்கு கீழ இத்தனை துண்டுன்னு சின்ன கோடுங்க போடுங்க.

டெம்பரேச்சர் ஸ்லைடர் உண்மையில என்ன பண்ணுது?

மாடல் குடுத்த பட்டைங்களோட உயர வித்தியாசத்தை கூட்டுது இல்ல குறைக்குது. கணக்கைக் கையாலயே போடலாம். மூணு வார்த்தைக்கு 60, 30, 10 சதவீதம்னு வைங்க (நானா போட்ட எண், கணக்குக்காக). டெம்பரேச்சர் 0.5ன்னா ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணி மறுபடி நூறுக்கு கொண்டு வரணும், 78, 20, 2 ஆயிடும், பெருசு இன்னும் பெருசாச்சு. டெம்பரேச்சர் 2ன்னா வர்க்கமூலம் எடுக்கணும், சுமாரா 47, 33, 19 ஆகும், பின்னாடி இருந்ததுக்கும் வாய்ப்பு வந்துடுச்சு. 1ல வச்சா அப்படியே இருக்கும். ஸ்லைடரை நகத்தும்போது பட்டைங்க அப்பவே அசையணும், கீழ வர்ற வாக்கியமும் மாறணும், ரெண்டும் ஒரே ஸ்க்ரீன்ல தெரியணும். பட்டை ஒரு இடம் வாக்கியம் ஒரு இடம்னு ஸ்க்ரோல் பண்ண வச்சா காரணமும் விளைவும் பிரிஞ்சு போயிடும்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கையை உடைக்கணும். டெம்பரேச்சரைக் குறைச்சா உண்மையே வரும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்லவே இல்ல, மாடலுக்கு எது அதிகமா தோணுதோ அதையே சொல்லும், தோணினது தப்புன்னா தப்பையே ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொல்லும். மாடலுக்கு தப்பா தெரிஞ்ச ஒரு கேள்வியை வச்சு ஸ்லைடரை பூஜ்யத்துக்கு இழுத்து காட்டுங்க. அதே மாதிரி நீளமான கதை எழுதச் சொல்லி பூஜ்யத்துல வச்சா சின்ன மாடல்ங்க சொன்ன வரியையே திரும்பத் திரும்ப சொல்ல ஆரம்பிக்கும், அதையும் காட்டலாம்.

டாப்-கே, டாப்-பி ரெண்டும் பட்டியலோட வாலை வெட்டற கத்திரிங்க. டாப்-கே எண்ணிக்கை வச்சு வெட்டும், டாப்-பி மேலேர்ந்து கூட்டிக்கிட்டே வந்து 90 சதவீதம் மாதிரி ஒரு அளவு தொட்டதும் வெட்டும். முதல் தடவை பாக்கறவங்களுக்கு இது வேண்டாம், ஒரு ஸ்லைடர் போதும்.

ஒரே கேள்விக்கு வேற வேற பதில் ஏன்னு எப்படி காட்டறது?

தேர்வாகாத வார்த்தையை க்ளிக் பண்ண விடுங்க. வந்த வாக்கியத்துல எந்த வார்த்தையைத் தொட்டாலும் அந்த நேரத்துல இருந்த மத்த வாய்ப்புங்க விரியணும், அதுல ஒண்ணை எடுத்தா அங்கேர்ந்து புது கிளை ஓடணும், பழைய கிளையும் மங்கலா பக்கத்துலயே நிக்கணும். மூணாவது வார்த்தைல ஒரே ஒரு மாத்தம், கதையே வேற திசைக்கு போயிடுச்சுங்கறதை தன் கையால பண்ணிப் பாத்தவங்க, ஏஐகிட்ட வந்த முதல் பதிலை "இதுதான் பதில்"னு எடுத்துக்கறது குறையும். என்னோட மனசுக்கு ரொம்ப பிடிச்ச டிசைன் இதுதான், நேரம் ஒண்ணுக்குதான் இருக்குன்னா இதை மட்டும் பண்ணுங்க.

அப்போ ஏஐ வெறும் அடுத்த வார்த்தை கணிக்கற மெஷின்தானா?

வெளிய வர்றது ஒவ்வொரு துண்டாத்தான் வருது, அது உண்மை. ஆனா "வெறும்"ங்கற வார்த்தையை நான் சேக்க மாட்டேன். அடுத்த துண்டை நல்லா கணிக்கணும்னா முன்னாடி வந்த எல்லாத்தையும் ஏதோ ஒரு விதத்துல கணக்குல எடுத்தாகணும், உள்ள நடக்கற அந்த வேலை சின்னது இல்ல. 2025ல ஏஐ கம்பெனி ஆந்த்ரோபிக் வெளியிட்ட ஆய்வுல, வரிக் கடைசி வார்த்தைங்க ஒலில ஒத்துப்போற மாதிரி ரெண்டு வரி எழுதும்போது மாடல் ரெண்டாவது வரியை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கடைசி வார்த்தைக்கான வாய்ப்பை உள்ள தயார் பண்ணி வச்சுக்குதுன்னு காட்டினாங்க. அதனால சீட்டு விளையாட்டு ஆடின கையோட "இவ்வளவுதான் ஏஐ"ன்னு அனுப்பிடாதீங்க. சீட்டு காட்டறது தேர்வு எப்படி நடக்குதுங்கறதை, அந்த சதவீதம் எங்கேர்ந்து வருதுங்கறது தனிக் கதை, அதை டெமோலயே ஒரு வரில எழுதி வைக்கணும்.

அட்டென்ஷன் படம் போடலாமா? வார்த்தைக்கும் வார்த்தைக்கும் கோடு போட்டிருப்பாங்களே.

அட்டென்ஷன்னா முன்னாடி வந்த எந்த வார்த்தைக்கு மாடல் எவ்வளவு எடை குடுக்குதுங்கறது. படம் போடலாம், பாக்க அழகா இருக்கும், அதுலதான் ஆபத்தும். 2017ல டிரான்ஸ்ஃபார்மர்ங்கற நெட்வொர்க் வடிவம் வந்ததுலேர்ந்து இந்த படங்க எல்லா இடத்துலயும் இருக்கு. ஆனா தடிச்ச கோடு இருக்கறதாலயே "இந்த வார்த்தையாலதான் அந்த பதில் வந்துது"ன்னு சொல்லிட முடியாது, 2019லயே இதைப் பத்தி ஆய்வாளர்களுக்குள்ள எதிரும் புதிருமா கட்டுரைங்க வந்துடுச்சு. அதை விட நேர்மையான வழி ஒண்ணு இருக்கு: முன்னாடி இருக்கற ஒரு வார்த்தையை அழிக்க விடுங்க, பட்டைங்க எவ்வளவு மாறுதுன்னு காட்டுங்க. அழிச்சும் மாறலைன்னா அந்த வார்த்தை அங்க பெருசா உதவலைன்னு ஆளுக்கே தெரிஞ்சிடும்.

சாட் எப்படி நடக்குது, அது பேச்சுதானே?

திரையை விலக்கி உள்ள போற மொத்த டெக்ஸ்ட்டையும் காட்டுங்க. மேல மாடலுக்கான ஒரு அறிவுறுத்தல், அப்புறம் "பயனர்:"னு ஒரு அடையாளம், அவங்க கேட்டது, "உதவியாளர்:"னு இன்னொரு அடையாளம், அதுக்கப்புறம் காலி இடம். மாடல் அந்த காலி இடத்தைத்தான் நிரப்புது, அடுத்த கேள்வி வந்தா பழையதெல்லாம் சேத்து மறுபடி முழுசா உள்ள போகுது. பதில் முடிஞ்சுதுன்னு நிறுத்தற அடையாளத்தை எடுத்துட்டு ஓட விட்டா பயனர் பேசற வரியையும் அதுவே எழுத ஆரம்பிச்சிடலாம், பாக்கறவங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. பேச்சுங்கறது அந்த டெக்ஸ்ட்டுக்கு நாம போட்டிருக்கற வடிவம்னு அப்பதான் தெரியுது.

தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி சொல்லுதே, அதைக் காட்ட முடியுமா?

முடியும், பட்டைங்களோட கூட்டுத்தொகை எப்பவும் 100ங்கறதை வச்சு. இல்லாத ஒரு ஆளோட பேரை கற்பனையா போட்டு "இவர் பிறந்த ஊர்"னு நிறுத்துங்க. மாடலுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனாலும் ஏதோ சில ஊர்ங்களுக்கு அந்த 100ஐ பங்கு போட்டுத்தான் ஆகணும். "தெரியல"ங்கற பதிலும் பட்டியல்ல ஒரு சாதாரண வாய்ப்பு மட்டும்தான், பயிற்சில அதுக்கு எடை குடுத்திருந்தா மேல வரும், இல்லைன்னா அடில கிடக்கும். பட்டைங்க தட்டையா கிடக்கும்போதே கீழ வாக்கியம் மட்டும் திடமா வந்து நிக்கும், அந்த முரண்பாட்டை ஒரே ஸ்க்ரீன்ல பாக்கணும். கூடவே இதையும் சொல்லிடுங்க, பட்டை தட்டையா இருந்தா எப்பவும் தப்புன்னு இல்ல, ஒரே விஷயத்தை பல விதமா சொல்ல முடிஞ்சாலும் தட்டையாத்தான் வரும்.

நிஜ மாடலை ஓட்டணுமா, இல்ல நாமளே எண் போட்டுக்கலாமா?

நாமளே போட்ட எண்ணுன்னா அதை ஸ்க்ரீன்லயே எழுதணும், மறைச்சா மொத்த நம்பிக்கையும் போயிடும். நிஜ மாடல் ப்ரவுசர்லயே ஓடும், ஜிபிடி-2வோட சின்ன வடிவத்துல 12.4 கோடி அளவுருக்கள் (மாடல் பயிற்சில கத்துக்கிட்ட எண்கள்), ஒண்ணுக்கு 4 பைட்டுன்னா கிட்டத்தட்ட 500 எம்பி, 1 பைட்டா சுருக்கினா 125 எம்பி மாதிரி வரும். போன்ல அதுவும் ஜாஸ்திதான். அதோட ஜிபிடி-2வோட பயிற்சி டேட்டா பெரும்பாலும் இங்கிலீஷ், தமிழ்ல அது உளறும். தமிழ் டெமோவுக்கு நான் சொல்ற வழி, தமிழ் நல்லா தெரிஞ்ச மாடல் ஒண்ணை முன்கூட்டியே ஓட்டி, ஒரு இருபது முப்பது வாக்கியத்துக்கு கிளைங்களோட சதவீதத்தை சேமிச்சு வச்சிடறது. எதை வேணா டைப் பண்ற சுதந்திரம் போகும், ஆனா எந்த போன்லயும் உடனே திறக்கும், எண்ணும் நிஜமானது.

ஏற்கனவே இருக்கறதுல எதைப் பாக்கலாம்?

ஜார்ஜியா டெக் ஆளுங்க 2024ல வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் எக்ஸ்ப்ளெயினர், ப்ரவுசர்லயே ஜிபிடி-2 ஓடும், டெம்பரேச்சரும் இருக்கு, ஆனா முதல் தடவைக்கு ஸ்க்ரீன் கொஞ்சம் நெரிசல். 2019ல எம்ஐடி-ஐபிஎம் லேபும் ஹார்வர்டும் செஞ்ச ஜிஎல்டிஆர், ஒரு டெக்ஸ்ட்டைப் போட்டா ஒவ்வொரு வார்த்தையும் மாடலோட பட்டியல்ல முதல் பத்துலயா, நூறுலயா, ஆயிரத்துலயான்னு கலர்ல காட்டும். ஏஐ எழுதினதை கண்டுபிடிக்கறதுக்காக வந்தது, இன்னைக்கு அந்த வேலைக்கு நம்பாதீங்க, ஆனா மனுஷங்க எழுதறதுல எதிர்பாராத வார்த்தை எங்கெங்க வருதுன்னு பாக்க இன்னும் அருமை.

பார்வை குறைஞ்சவங்களுக்கு, கீபோர்ட் மட்டும் யூஸ் பண்றவங்களுக்கு?

கலரை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீங்க, பட்டை பக்கத்துல எண்ணு இருக்கணும், ஸ்லைடர் அம்புக்குறி கீல நகரணும், தானா ஓடற எல்லாத்துக்கும் நிறுத்தற பட்டன் வேணும். ஸ்க்ரீன் ரீடருக்கு "ஆரம்பிச்சுது, 60 சதவீதம்"னு படிக்கற மாதிரி எழுதினா அதுவே ஒரு நல்ல விளக்கம்.

புரிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. டெமோவுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே மூணு கேள்வியைக் குடுங்க: இது எங்கயாவது தேடி எடுத்து தருதா? டெம்பரேச்சர் பூஜ்யம்னா பதில் உண்மையா இருக்குமா? மறுபடி கேட்டா ஏன் மாறுது? அதுக்கு மேல, டெமோல வராத ஒரு புது வாக்கியத்தைக் குடுத்து பட்டைங்க எப்படி இருக்கும்னு வரையச் சொல்லுங்க. வரைஞ்சது ஓரளவு ஒத்துப்போனா ஆளுக்கு பிடிபட்டுடுச்சு. ஒத்துப்போகலைன்னா எந்த இடத்துல விலகுதுன்னு பாத்து டெமோவுல அந்த இடத்தைத் திருத்துங்க.